சின்னவர் வீட்டுப் பொங்கல்

அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை நிறையக் காய்ந்த மீன் இருந்தது. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தவள் நான். மீன் வாடை முதலில் உள்ளே வந்தது, அவன் பின்னால் வந்தான். அப்பா கதிரையை விட்டு எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஹம்மர்பெஸ்ட் சித்தப்பான்ரை மோன்," என்றார் என்னிடம். "இனி ஒஸ்லோவிலைதான் படிக்கப் போறான். உனக்கு அண்ணா முறை."

குசினிக்குள் இருந்து அம்மா, "அண்ணாவுக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை," என்றார்.

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அண்ணா என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. முன்பின் பார்த்திராத ஒருவன் காலணியைக் கழற்றி வைப்பதற்குள் எனக்கு அண்ணாவாகிவிட வேண்டும் என்றால் எப்படி? அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வராதபோது நான் அம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. (வீட்டில் நான் அவனை அவன் என்றுதான் சொல்வேன். எழுத்தில் மட்டும் மரியாதை கொடுத்தால் அவனுக்கே சிரிப்பு வரும்.)

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதியாக இருந்தேன். சொந்தக் காலில் நின்றேன், வரி கட்டினேன், கார் ஓட்டினேன். ஆனாலும் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்பதை வன்னியில் எப்போதோ காடு வெட்டிய இரண்டு மனிதர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் அப்பப்பா, எனக்குப் பூட்டன், தீவுப் பகுதியில் பிறந்தவர். அங்கே உப்புத் தண்ணீரோடும் கல்லோடும் மாரடித்துச் சலித்து, வன்னியில் குளத்துக்குக் கீழே காடு வெட்டினால் காணி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு மாட்டு வண்டியில் புறப்பட்டுப் போனார். அதே வண்டியில் இன்னொருவரும் வந்து இறங்கினார். "இவன் என்ரை தம்பி," என்று பூட்டன் எல்லோருக்கும் சொன்னார். வந்து குடியேறிய மற்றவர்களுக்குக் காய்ச்சலும் யானையும் போதாதா, யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரிக்க நேரமில்லை. ஒருவர் பெரியவர், மற்றவர் சின்னவர். இரண்டு பேரும் காட்டை வெட்டி வயலாக்கினார்கள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடும் அந்தப் பக்கம் ஒரு வீடும் கட்டினார்கள். நாங்கள் பெரியவர் வீட்டுப் பிள்ளைகள். ஹம்மர்பெஸ்ட் சித்தப்பா சின்னவர் வீடு.

பிறகு வந்த போர் இரண்டு வீட்டையும் சிதறடித்தது. அப்பாவுக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. நோர்வேயின் வடக்கு முனையில், ஹம்மர்பெஸ்டில், மீன் வெட்டும் ஆலையில், சின்னவரின் பேரன் வேலை செய்கிறார் என்று தெரியவந்த நாளில் அப்பா குழந்தை மாதிரிக் குதித்தாராம். "தம்பி" என்று ஒருவர் கூப்பிட, "அண்ணை" என்று மற்றவர் கூப்பிட, தூரம் காரணமாகப் பெரும்பாலும் தொலைபேசியிலேயே அந்த உறவு வளர்ந்தது. சித்தப்பா எனக்கு நெடுநாளாக ஒரு குரல்தான். தணிந்த, கூச்சமான குரல்.

ஆகவே அவனும் நானும் கல்யாணம் செய்யப் போகிறோம் என்று நான் சொன்னபோது என்ன நடந்திருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அண்ணன் தம்பி முறை. அவர்களின் பிள்ளைகள் நாங்கள் அண்ணன் தங்கை. அப்பா முதலில் சிரித்தார், பிறகு நான் பகிடி விடவில்லை என்று தெரிந்து முகம் கறுத்தது.

"உனக்கென்ன விசரோ? ஊருலகத்திலை வேறை பெடியன் இல்லையோ?"

"இருக்கினம். எனக்கு இவன்தான் வேணும்."

"அவன் உனக்கு அண்ணன்."

"மூண்டு தலைமுறைக்கு முன்னாலை நடந்ததுக்கு நான் என்ன செய்ய?"

அப்பா கோபத்தில் ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்கு ஆச்சரியம் தந்தது சித்தப்பாதான். அந்த மெல்லிய குரல் அன்றைக்கு இரும்பாகியிருந்தது. "அண்ணை, உந்தக் கதையே வேண்டாம். அதுகள் அண்ணன் தங்கச்சி. முடிஞ்சுது," என்றார். அப்பாவைவிட அவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் கோபத்தில் இருந்ததால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

அவன், பாவம், "கொஞ்ச நாள் விட்டுப் பாப்பம்," என்றான். விட்டுப் பார்ப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. முறைதான் தடை என்றால் அந்த முறையையே ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெரியவரும் சின்னவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யார் கண்டார்கள்? அப்பாவைக் கேட்டேன்.

"பெரியவற்றை தாய் தேப்பன் ஆர் அப்பா?"

மூச்சு விடாமல் சொன்னார். அவர்களின் தாய் தகப்பனையும் சொன்னார்.

"சின்னவற்றை?"

"அதேதானே. இதென்ன கேள்வி?"

"சின்னவர் தீவிலை பிறந்த வீடு எது? சின்ன வயசிலை அவரைத் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பெரியவரின் கதை தீவில் தொடங்குகிறது, சின்னவரின் கதை மாட்டு வண்டியில் தொடங்குகிறது. அந்த இடைவெளி போதும் எனக்கு. நாளைக்கே வழக்கில் வென்றுவிட்டது மாதிரி நான் துள்ளினேன்.

என்னோடு வேலை செய்த நோர்வேஜியத் தாதி ஒருத்திக்கு வம்சம் தேடுவதில் பைத்தியம். அவளுடைய கொள்ளுப்பாட்டனாரின் அண்ணன் ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் புல்வெளியை உழுது கமக்காரனானவர். அவருடைய சந்ததியினர் அங்கிருந்து இவளுக்கு எழுதி, தங்கள் மூதாதையர் நோர்வேயில் எந்தப் பெரிய பண்ணைக்கு உடைமைக்காரர் என்று தேடித் தரச் சொன்னார்கள். இவளும் விடுமுறை நாளெல்லாம் அலைந்து தேடினாள். கடைசியில் அந்த மனிதர் பண்ணை உடைமைக்காரர் இல்லை, இன்னொருவனின் நிலத்தில் குடிசை போட்டுக் கூலிக்கு உழைத்தவர் என்று தெரியவந்தது. அமெரிக்காவில் இருந்து அதன்பிறகு சத்தமே இல்லை. இவளோ அடுத்த நாள் வேலைக்கு ஒரு பெரிய கேக் செய்துகொண்டு வந்து, "என் ஆட்கள் கூலிகள்!" என்று எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

என் சிக்கலை அவளுக்குச் சொல்லி விளங்க வைக்க மதிய உணவு நேரம் முழுக்கப் போனது.

"இரண்டு பேரும் சகோதரர் என்றால் நீங்கள் கட்டக்கூடாது?"

"ஓம்."

"சின்னவர் பெரியவரின் தங்கையின் கணவர் என்றால்?"

"அப்போது அவன் எனக்கு மச்சான். தாராளமாகக் கட்டலாம். கட்டச் சொல்லியே கேட்பார்கள்."

"ஆனால் இரத்தம் இரண்டிலும் ஒன்றுதானே?"

"இரத்தத்தைப் பற்றி யார் கதைத்தது?" என்றேன். அவள் கடிக்கப்போன பாண் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள். ஆனால் ஒரு நல்ல புத்தி சொன்னாள். ஆட்களைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் கௌரவத்துக்காகக் கதை மாற்றுவார்கள், வீட்டில் என்ன செய்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், யார் வந்தார்கள் என்று கேள் என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

நத்தார்ப் பரிசு சுற்றும் தாளைப் பின்பக்கம் திருப்பி, இருக்கைக்கு மேலே சுவரில் ஒட்டி, இரண்டு வீட்டு ஆட்களையும் தடித்த பேனையால் எழுதத் தொடங்கினேன். அப்பாவின் தலைக்கு நேர் மேலே அது தொங்கியது. தொலைபேசி அட்டைகளைச் சுரண்டிச் சுரண்டி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் எடுத்தேன். உறவினர் எல்லோரும் அன்பாகக் கதைத்தார்கள், எல்லோரும் எனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். "அதுக்குத்தான் எடுக்கிறன்," என்பேன். தாள் நிறைந்தது. ஆனால் பெரியவருக்கும் சின்னவருக்கும் நடுவில் நான் விட்ட வெற்றிடம் அப்படியே இருந்தது. மாதங்கள் போயின. அம்மா சமாதானத்துக்கு வேறு மாப்பிள்ளைகளின் படங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் அவற்றின் மேல் சோற்றுக் கோப்பையை வைப்பேன்.

அப்பாவின் பெரியப்பா மகன், அவருக்கு அண்ணன் முறையானவர், பேர்கனில் மகளோடு இருந்தார். எனக்குப் பெரியப்பா. பெரியவர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், பெரியவர் இறந்தபோது சின்னப் பையன். தொலைபேசியில் காது கேட்காது. ஆகவே லீவு எடுத்து, ரயிலேறி, மலைகளைத் தாண்டிப் போனேன். பேர்கனில் மழை. "இஞ்சை மழை விட்டால்தான் சனம் என்ன நடந்தது எண்டு கேக்கும்," என்றார் பெரியப்பா. சாப்பாடான பிறகு, சின்னவர் யார் என்று கேட்காமல், பெரியவர் செத்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எனக்கு அடி விழுந்தது," என்றார் உடனே.

"ஏன் பெரியப்பா?"

"அப்பப்பா செத்தது தைப்பொங்கலுக்குக் கிட்ட. எங்கடை வீட்டிலை அந்த முறை பொங்கல் இல்லை. எனக்கு அது விளங்குற வயசில்லை. வாய்க்காலுக்கு அங்காலை பாக்கிறன், சின்னவர் முத்தத்திலை புகை. பானை வைச்சுப் பொங்கினம். ஓடிப்போய்ப் புக்கை திண்டிட்டன். வாழையிலையிலை நல்ல கட்டிப் புக்கை, சக்கரை போட்டது. வந்தவுடனை அம்மா பூவரசந்தடியாலை வெளுத்து வாங்கினா. துடக்கு வீட்டிலை இருந்துகொண்டு பொங்கின வீட்டிலை போய்த் திண்டிட்டு வாறியோ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சா."

கதிரையை அவருடைய காதுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். "சின்னவர் வீட்டிலையோ பொங்கினது? பெரியவற்றை துடக்கு கழிய முதலோ?"

"ஓம் ஓம். அந்தப் புக்கையின்ரை ருசி இப்பவும் நாக்கிலை நிக்குது."

"கூடப்பிறந்த அண்ணன் செத்த துடக்கோடை, தம்பி எப்பிடிப் பெரியப்பா பொங்கலாம்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடமாக அடியை நினைத்திருந்தாரே தவிர இதை நினைக்கவில்லை. "அட," என்றார். "அதெல்லோ!"

துடக்கு என்கிற சாவுத் தீட்டு பங்காளிக்குத்தான். பொங்கியவர் பங்காளி இல்லை. பங்காளி இல்லாவிட்டால் தம்பி இல்லை. தம்பி இல்லையென்றால் வேறு யார், மச்சான்தானே! பெரியவரின் தங்கை ஒருத்தியைக் கட்டியிருப்பார், மச்சான் என்பதைவிட தம்பி என்பது நெருக்கம் என்று பெரியவர் அப்படிச் சொல்லியிருப்பார். திரும்பும் ரயிலிலேயே அந்தத் தங்கைக்கு நான் உயிர் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பிடிவாதக்காரரைப் பிடித்து மடக்குவோம், அப்பா தானாக வருவார் என்று கணக்குப் போட்டேன். ஹம்மர்பெஸ்டுக்கு விமானச் சீட்டு எடுத்தேன். அவனுக்குப் பரீட்சை, நான் தனியாகப் போனேன்.

கோடைகாலம். சித்தப்பா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். குரலுக்கேற்ற மனிதர், ஒடிசலாக, குளிரில் வெடித்த கைகளோடு. "வாங்கோ பிள்ளை," என்று என் பையை வாங்கிக்கொண்டார். தெருவில் கலைமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் நடந்து போயின. எதிரே தீவில் எரிவாயு ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இப்போது வீட்டு விலை ஏறிப்போச்சு என்று சித்தப்பா வழியெல்லாம் அதையே கதைத்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். சித்தி ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார்.

எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்து, அவர் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றபோது பேர்கன் கதையைச் சொன்னேன். பெருமையோடு சொன்னேன். "சித்தப்பா, சின்னவர் பெரியவற்றை தங்கச்சியைக் கட்டினவர். அப்ப நாங்கள் மச்சான் மச்சாள். நீங்கள்தான் இனி அப்பாவுக்குச் சொல்லோணும்."

தண்ணீர்க் குழாயை மூடினார். கைகளைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அப்பிடி ஒரு தங்கச்சி இல்லை மோனை," என்றார்.

பிறகு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"எங்கடை அப்பப்பா... அவர் கூலிக்கு வந்தவர். தாய் தேப்பன் ஆரெண்டு அவருக்கே தெரியாது. ஆர் ஆக்கள் எண்டும் தெரியாது. வண்டி ஓட்டவும் காடு வெட்டவும் பெரியவர் கூட்டிக்கொண்டு வந்தவர். வந்த புதுசிலை பெரியவருக்கு மலேரியாக் காய்ச்சல், எழும்பேலாது. இவர் தனிய உழுது, தனிய விதைச்சு, ஆனைக்குக் காவல் இருந்து, ஒரு போகம் முழுக்க வெட்டி, ஒரு நெல்லுக்கூட எடுக்காமல் கொண்டுவந்து அவற்றை முத்தத்திலை குவிச்சவராம். அண்டைக்குப் பெரியவர் பாயிலை கிடந்துகொண்டு சொன்னது, இவன் என்ரை தம்பி எண்டு. காணியிலையும் பாதி குடுத்தவர்."

"பொங்கல்?" என்றேன்.

"பெரியவர் செத்தவுடனை தீவிலை இருந்து சொந்தக்காரர் வந்தவை. இவர் வாய்க்கரிசி போடப் போக, கையைப் பிடிச்சுத் தள்ளிப்போட்டினம். உனக்கென்ன துடக்கு, போய் உன்ரை வீட்டிலை பொங்கு எண்டு சொல்லிச்சினம். பொங்காமல் இருந்தால் காணிக்காகத் துடக்குக் காக்கிறான் எண்டு கதை வரும். அதாலை பொங்கினவர். அவையள் பாக்கப் பொங்கினவர். பொங்கிப்போட்டு உள்ளுக்கை போய்க் குப்புறப் படுத்திட்டாராம். வீட்டிலை ஒருத்தரும் அந்தப் பானையைத் தொடேல்லை. உங்கடை வீட்டுச் சின்னப்பெடியன் வந்து திண்டது மட்டும்தான்."

பேர்கனில் நான் துள்ளிக் குதித்தது நினைவுக்கு வந்தது. எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

"அந்தச் சனம் போன பிறகு," என்றார் சித்தப்பா, "உங்கடை அப்பப்பா, பெரியவற்றை மோன், வாய்க்காலைத் தாண்டி வந்து, சித்தப்பா வயலுக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டவராம். அதோடை சரி. பிறகு ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கேல்லை. எனக்கு என்ரை ஐயா சாகேக்கைதான் சொன்னவர்."

"அப்பாவுக்குத் தெரியாதோ?"

"அண்ணைக்குத் தெரியாது. அதாலைதான் பிள்ளை உந்தக் கலியாணம் வேண்டாம் எண்டனான். உன்னிலை எனக்கு என்ன குறை? கலியாணம் எண்டால் கிண்டுவினம். கிண்டினால் இதுதான் வரும்." அவருடைய கண் கலங்கிவிட்டது. "எனக்கு அண்ணை எண்டு கூப்பிட வேறை ஆரும் இல்லை மோனை. அவருக்குச் சொல்லிப்போடாதை."

கிண்டியவள் நான். வேறு யாரும் கிண்டவில்லை. அவர் பயந்த அத்தனையையும் ரொறன்ரோவில் இருந்து பேர்கன் வரை தேடிப் பிடித்து அவருடைய குசினி மேசையில் கொண்டுவந்து போட்டிருந்தேன். எனக்கு வந்த கோபம் அந்தத் தீவுக்காரர் மீது, வாய்க்கரிசி போட வந்தவரின் கையைப் பிடித்தவர்கள் மீது. அவர்களும் என் இரத்தம்தான். அது இன்னும் எரிந்தது. (அப்பாவும் சித்தப்பாவும் இப்போது இல்லை. பேர்கன் பெரியப்பாவும் இல்லை. இதை எழுதலாம் என்று அவன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.)

விமானத்தில் வரும்போது என் நிலைமையை எண்ணிப் பார்த்தேன். அப்பா நல்ல மனிதர். ஒருவர் பட்டினி என்றால் தன் கோப்பையைத் தள்ளிக் கொடுப்பார். ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால், "அவையள் எந்தப் பகுதி?" என்று குரலைத் தாழ்த்திச் சாதி கேட்கிற மனிதரும் அவர்தான். சகோதரர் என்று சொன்னால் முறை தடுக்கும். சகோதரர் இல்லை என்று சொன்னால், அப்படியென்றால் யார் என்று கேட்பார், அதற்கு என்னிடம் அவர் ஏற்கக்கூடிய பதில் இல்லை. அதற்குப் பிறகும் அவர் ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி எடுப்பதை நிறுத்தமாட்டார், மரியாதையாகவே கதைப்பார், தம்பி என்ற சொல் மட்டும் மெல்ல மெல்லக் காணாமல் போய்விடும். அந்தத் தாதி கேக் வெட்டினாள். எங்கள் ஆட்களுக்கு அதற்கெல்லாம் கேக் வெட்டத் தெரியாது.

விமான நிலையத்துக்கு அவன் வந்திருந்தான். காரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அது அவனுடைய பூட்டனின் கதை, அவனிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. கேட்டு முடிந்ததும் போட்ட கார்ச் சாவியைத் திரும்ப எடுத்தான். "அப்பா இவ்வளவு காலமும் தனிய வைச்சிருந்திருக்கிறார்," என்றான். பிறகு, "நீ என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டான்.

"வீட்டை போனால் வரும்," என்றேன். ஆனால் அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அப்பா இருக்கையில் இருந்தார், தலைக்கு மேலே என் தாள். அம்மா கதவோரம் நின்றார். நான் ஹம்மர்பெஸ்ட் போனதே சித்தப்பாவோடு மல்லுக்கட்டத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியோ?" என்றார் அப்பா, நக்கலாக.

"ஓம் அப்பா."

"அண்ணன் தம்பியோ, இல்லையோ?"

"அண்ணன் தம்பிதான். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. வடிவாய் விசாரிச்சிட்டன்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அண்டைக்கே சொன்னன் எல்லோ! ஊரெல்லாம் காசைக் கொட்டி விசாரிச்சாளாம். சரி, அப்ப இந்தக் கதை முடிஞ்சுது."

"முடியேல்லை. நான் அவனைத்தான் கட்டப்போறன்."

அவருக்கு விளங்கவில்லை. முறை இல்லை என்று வாதாடுகிற பிள்ளையைச் சமாளிக்க அவர் ஒரு வருடமாக ஆயத்தமாக இருந்தார். முறை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டே கட்டுகிற பிள்ளையை அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை. நான் இருக்கையில் ஏறி நின்று, பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே தாய் தகப்பனிடமிருந்து தடித்த கோடு இழுத்தேன். பேனை அழுத்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்தது. கீழே அப்பா கத்திக்கொண்டிருந்தார். மானம், மரியாதை, நாலு சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது, எல்லாம் வந்தது. அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இறங்கி வந்து, கல்யாணத்துக்குப் பதிந்தாகிவிட்டது, வந்தால் சந்தோசம் என்று சொன்னேன்.

ஒஸ்லோத் தமிழ்ச்சனத்தின் வாய்க்கு மெல்ல நல்ல அவல் கிடைத்தது. கடையில், கோயிலில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியில் என்னைக் கண்டால் கதை நிற்கும். சித்தப்பன் மகனைக் கட்டுகிறாளாம். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கத்தரிக்காய் தெரிந்தெடுத்தேன். சில நாட்களில் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சொல் சொன்னால் அந்த வாய்களை எல்லாம் மூடிவிடலாம். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

நகர நீதிமன்றத்தில்தான் கல்யாண எழுத்து. ஐயர் யாரும் முன்வரமாட்டார் என்று தெரிந்திருந்ததால் நாங்கள் கேட்கவேயில்லை. அம்மா வந்தார். அப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். உள்ளே கையெழுத்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். ஹம்மர்பெஸ்டில் இருந்து வந்திருந்த சித்தப்பா, இரவல் கோட்டில், சித்தியின் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். நான் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் சொல்கிற விசயமில்லை, நேரே வந்ததும் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அவருடைய முகம் அடி வாங்கப் போகிறவரின் முகமாக இருந்தது.

அப்போது தெருவின் மறுபக்கத்தில் இருந்து அப்பா வந்தார். வீட்டுச் சப்பாத்தோடு வந்திருந்தார், மேல்கோட்டுக்குப் பொத்தான் போடவில்லை. என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேரே சித்தப்பாவிடம் போனார். சித்தப்பாவின் கை தானாகக் கோட்டின் நுனியைப் பிடித்தது.

"நீயும் ஒரு தேப்பனோடா?" என்று அப்பா தெருவே கேட்கக் கத்தினார். "பிள்ளையை வளக்கத் தெரியாதோ உனக்கு? அண்ணன் எண்டு நான் ஒருத்தன் இஞ்சை உயிரோடை இருக்கிறன், ஒரு சொல்லுக் கேட்டியோ? எங்கடை அப்பப்பாமாற்றை மானத்தையெல்லோ இரண்டு பேரும் சேந்து வித்துப்போட்டம்! உனக்குக் கன்னத்திலை போட ஆளில்லாமல் போச்சுது, அதுதான்..."

நீதிமன்றத்துக்கு வந்துபோன நோர்வேஜியர்கள் விலகி நடந்தார்கள். சித்தி பயந்துபோய்ச் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்தார். சித்தப்பா அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை அசைத்தேன். அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பிழைதான் அண்ணை," என்றார்.

அப்பா அதோடு விடவில்லை. வளர்ப்பைப் பற்றி, வடக்கே போய்க் கிடந்து புத்தி கெட்டதைப் பற்றி, அந்தக் கோட்டைப் பற்றிக்கூடத் திட்டிக்கொண்டே போனார். சித்தப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் துடைக்காமல், ஒவ்வொன்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.